தழும்பில் கசியும் சிறு துளை

அம்மாவின் முழங்காலில் வைத்திருக்கும் செயற்கை மூட்டைக் கழற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய முட்களால் கிருமியைக் கொல்லும் 'நானோ' மூட்டு ஒன்றை வைக்கலாமா என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதில் ஒரே சொல்தான்: வேண்டாம்.

ஆனால் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். தழும்பின் கீழ் நுனியில் கடுகளவு துளை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மஞ்சளாக ஒரு சொட்டு கசிகிறது. மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி ஐந்து நாள் கொடுத்தால் காய்ந்துவிடுகிறது. இரண்டு முறை அப்படிச் செய்துவிட்டீர்கள். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் கழித்துத் தழும்பு கசிந்தால், இல்லை என்று உறுதியாகும்வரை மூட்டுக்குள் தொற்று இருக்கிறது என்றே மூட்டு மருத்துவர்களான நாங்கள் எடுத்துக்கொள்வோம். அந்தத் துளை மூட்டுவரை போகிறது என்று தெரிந்துவிட்டால், தொற்றை உறுதிசெய்ய அது ஒன்றே போதும்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துப்போயிருப்பது, தோலுக்குப் போகும் மெல்லிய நரம்பு கீறலில் அறுபடுவதால். பலருக்கும் இருக்கும், ஆபத்தில்லை. நடக்கும்போது கேட்கும் 'டக்' சத்தம் உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்வது. முட்டி லேசாகச் சூடாக இருப்பது சிலருக்கு ஒரு வருடம்வரைகூடத் தொடரும். கசிவு இல்லாதிருந்தால் அந்தச் சூட்டையும் ஒதுக்கியிருப்பேன். இப்போது ஒதுக்க மாட்டேன்.

சரி, நானோ. நீங்கள் படித்தது கட்டுக்கதை இல்லை. 2012இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் சில்வண்டின் சிறகைப் பார்த்தார்கள். அதன் மேல் ஏறத்தாழ 200 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) உயரத்தில் நெருக்க நெருக்கமாகக் கூம்புகள் நிற்கின்றன. ஒரு பாக்டீரியாவின் நீளம் 1000 நானோமீட்டருக்கு மேல். அது வந்து ஒட்டும்போது ஒரே நேரத்தில் பல கூம்புகளின் மேல் படுக்கிறது. இரண்டு கூம்புக்கு நடுவே அதன் உறை தொய்ந்து இழுபட்டு, சில நிமிடங்களில் கிழிந்துவிடுகிறது. சிறகின் மேல் தங்கத்தை மெல்லிய பூச்சாகப் பூசிப் பார்த்தார்கள், அப்போதும் கிருமி செத்தது. அதாவது வேலை செய்வது ரசாயனம் இல்லை, வடிவம். அழகான கண்டுபிடிப்பு, படித்தபோது எனக்கும் மெய்சிலிர்த்தது.

ஆனால் அங்கே செத்தது சூடோமோனாஸ் போன்ற மெல்லிய உறை உள்ள கிருமி. செயற்கை மூட்டில் பெரும்பாலும் குடியேறுவது ஸ்டெஃபைலோகாக்கஸ் வகை. உருண்டையானது, உறை தடித்தது. சில்வண்டுச் சிறகின் மேல் அந்த மாதிரிக் கிருமிகள் தாக்குப்பிடித்தன. தும்பியின் சிறகும், முள்முள்ளாக அரித்தெடுத்த சிலிக்கானும் தடித்த உறையையும் கிழிக்கின்றன என்று அப்புறம் காட்டினார்கள். அதெல்லாம் ஆய்வுக்கூடத் தட்டில். உடம்புக்குள் எந்தப் பொருளை வைத்தாலும் ரத்தத்தில் உள்ள புரதங்கள் நொடிகளில் அதன் மேல் படிந்துவிடும், முள்முனை மூடிப்போகும். செத்த கிருமிகளின் ஓடும் அங்கேயே தங்கி, அடுத்து வருபவற்றுக்கு மெத்தையாகிவிடும். முழங்கால் மூட்டில் உராயும் பகுதி கண்ணாடிபோல வழுவழுப்பாக இருந்தே ஆக வேண்டும், அங்கே முள் வைக்க முடியாது. எலும்போடு சேரும் டைட்டானியப் பரப்பில் இந்த வழி ஒருநாள் உதவலாம். அந்த ஆராய்ச்சி நடக்கட்டும், நடக்க வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் தொற்றை அது ஆற்றாது. இணையத்தில் வாங்கித் தழும்பில் தடவும் 'நானோ வெள்ளி' ஜெல்லும் ஆற்றாது. அதை இன்றே நிறுத்துங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பரப்பில் ஒட்டிய கிருமி தன்னைச் சுற்றிப் பிசின் மாதிரி ஒன்றைச் சுரந்து அதற்குள் கூட்டமாக வாழத் தொடங்கும். பயோஃபிலிம் என்போம். பல நாள் தண்ணீர் மாற்றாத பூக்குடுவையின் உட்புறத்தை விரலால் தொட்டுப் பாருங்கள், அந்த வழுவழுப்புதான். இப்படிப்பட்ட முழங்காலைத் திறக்கும்போது உலோகத்தின் மேல் அதே வழுவழுப்பைக் கையுறை போட்ட விரலில் உணர்ந்திருக்கிறேன். ஆன்டிபயாடிக் மாத்திரை மேலே மிதக்கும் கிருமிகளைக் கொல்லும், கசிவு காயும், நீங்கள் நிம்மதியாவீர்கள். அந்தப் பிசின் படலத்துக்குள் இருப்பவை பிழைத்து இரண்டு வாரத்தில் மறுபடி வரும். அதைவிட எனக்கு வேதனை தருவது இன்னொன்று: அந்த ஐந்து நாள் மாத்திரையால், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் கிருமியே முளைக்காமல் போகலாம். எந்தக் கிருமி என்று தெரியாமல் நாங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து தர வேண்டியிருக்கும்.

ஆகவே மூன்றாவது முறை மாத்திரை வாங்காதீர்கள். இந்த வாரமே மூட்டை வைத்த அறுவை மருத்துவரிடம், முடியாவிட்டால் வேறொரு எலும்பு மருத்துவரிடம் அம்மாவைக் கூட்டிப்போங்கள். கொடுத்த மாத்திரைகளின் அட்டையை எடுத்துப் போங்கள். கடைசி மாத்திரை எந்தத் தேதியில் என்பதைச் சொல்லுங்கள். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி, ஈஎஸ்ஆர் பரிசோதனைகள், ஒரு எக்ஸ்ரே, அப்புறம் ஊசி போட்டு மூட்டிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதனை. அம்மா தெம்பாக இருந்தால், நீர் எடுக்கும் முன் மருந்தில்லாமல் இரண்டு வாரம் காத்திருக்கச் சொல்வார்கள். துளையின் வாயில் பஞ்சால் துடைத்து எடுக்கும் மாதிரியை நம்ப வேண்டாம், தோலில் உள்ள கிருமியே அதில் வரலாம். துளையைப் பிதுக்காதீர்கள், சுத்தமான உலர்ந்த துணி வைத்துக் கட்டினால் போதும்.

நீங்கள் எழுதத் தயங்கிய கேள்வியும் எனக்குப் புரிகிறது: காலை எடுக்க வேண்டிவருமா? அந்த நிலை மிக அரிது. தொற்று உறுதியானால் பெரும்பாலும் பழைய மூட்டை எடுத்துச் சுத்தம் செய்து, மருந்து கலந்த சிமென்ட் வைத்துச் சில வாரம் பொறுத்து, புது மூட்டு வைப்பார்கள். சிலருக்கு ஒரே ஆபரேஷனில் முடிப்பதும் உண்டு. நீண்ட சிகிச்சைதான். ஆனால் பலர் மறுபடி நடக்கிறார்கள்.

காய்ச்சல், குளிர்நடுக்கம், முட்டி திடீரென வீங்கிக் கால் ஊன்ற முடியாமை: இவற்றில் ஒன்று வந்தாலும் இந்த வாரம்வரைகூடப் பொறுக்க வேண்டாம். அன்றே, இரவானாலும், அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.