மழை பெய்து குளம் நிறைந்தது

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கட்டுரையில் ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்று எழுதியிருந்தாள். ஒரு வாக்கியத்துக்கு ஒரே எழுவாய்தான் இருக்க வேண்டும், இங்கே மழை, குளம் என இரண்டு வருகின்றன என்று சொல்லி ஆசிரியை மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். அது பிழையா? பேச்சில் நாம் எந்த இலக்கணமும் பார்ப்பதில்லை, எழுதும்போது மட்டும் எதற்கு இந்தப் பாடு என்றும் தோன்றுகிறது. மொழியியல் அறிஞர் சாம்ஸ்கியின் கொள்கைப்படி தமிழ் வாக்கியத்தை விளக்க முடியுமா? ‘வாக்கியம்’ என்று எழுதலாமா, ‘தொடர்’ என்றுதான் எழுத வேண்டுமா?

ஒரு வாசகி, தென்காசி

அன்புள்ள சகோதரிக்கு,

பிழையில்லை. உங்கள் மகள் எழுதியது நல்ல தமிழ். வாக்கியம், தொடர் இரண்டில் எது பிடிக்கிறதோ அதை எழுதுங்கள். சாம்ஸ்கியைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

ஆனால் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, பேச்சில் நாம் இலக்கணம் பார்ப்பதில்லை என்று, அதை என்னால் சும்மா விட முடியாது. கொஞ்ச நாட்களாகவே வினையெச்சம், அதாவது ‘பெய்து’ போலத் தானே முடியாமல் இன்னொரு வினையைத் தேடி நிற்கும் சொல், என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. படித்தவர்கள் இப்படிச் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

‘அக்கா சாப்பிட்டுத் தூங்கினாள்.’ சாப்பிட்டது யார்? அக்கா. ‘சாப்பிட்டு’ என்ற சொல்லை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அதில் ஆண், பெண், ஒருமை, பன்மை எதுவும் கிடையாது. வாக்கியத்தை முடித்துவைக்கும் ‘தூங்கினாள்’ என்ற முற்று வந்த பிறகே அதற்கு ஆள் கிடைக்கிறது. இப்போது ‘அக்கா சாப்பிட்டுத் தம்பி தூங்கினான்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாக்கு ஏற்காது. ‘சாப்பிட்டதும்’ என்றோ ‘சாப்பிட்ட பிறகு’ என்றோ மாற்றினால் உடனே சரியாகிவிடும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத கிழவிகூட இதில் தவற மாட்டாள். இது இலக்கணம் இல்லையென்றால் எதுதான் இலக்கணம்? எழுத்தில்தான் நாம் தடுமாறுகிறோம், பேச்சில் அல்ல. நீங்கள் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, மழையும் குளமும் எப்படிப் பொருந்தின? ‘வெயிலடித்துத் துணி காய்ந்தது’ என்கிறோம். ‘சுவர் இடிந்து விழுந்து இருவர் உயிரிழந்தனர்’ என்று செய்தித்தாளில் படிக்கிறோம். இவற்றிலும் எழுவாய் இரண்டு. முன்னால் வரும் வினை பின்னால் வருவதற்குக் காரணம், அதனால் ஒட்டிக்கொள்கிறது. காரணமாக இருந்தால் மட்டும் போதுமா? இங்கேதான் பாருங்கள். ‘மழை பெய்து நான் நனைந்தேன்’ என்று சொல்வோம். ‘மழை பெய்து நான் குடை எடுத்தேன்’ என்று சொல்ல மாட்டோம். குடை எடுத்ததற்கும் மழைதானே காரணம்? ஆனால் நனைவது என் கையில் இல்லை. குடையை நானாக எடுக்கிறேன். ஒருவர் மனம் வைத்துச் செய்யும் வினை முற்றாக நின்றால், முன்னால் வரும் எச்சமும் பெரும்பாலும் அவருடைய செயலாகவே இருக்க வேண்டும். தானாக நேரும் வினை என்றால் அந்தக் கட்டு தளர்கிறது. இவ்வளவு நுட்பமான வேறுபாட்டை உங்கள் மகள் யாரிடமும் கேட்காமலே சரியாகச் செய்திருக்கிறாள். அதற்குச் சிவப்பு மையில் ஒரு கோடு!

இது புதிதாக முளைத்த வழக்கமும் அல்ல. தொல்காப்பியர் வினையியலில் 9 வினையெச்ச வாய்பாடுகளை, அதாவது மாதிரி வடிவங்களைச் சொல்கிறார். அவற்றில் செய்து, செய்யூ, செய்பு ஆகிய மூன்றையும் பிரித்தெடுத்து, ‘முதனிலை மூன்றும் வினைமுதல் முடிபின’ என்கிறார். எச்சத்தைச் செய்தவரே முற்றையும் செய்ய வேண்டும் என்பது பொருள். வேறு எழுவாய் வருவதற்குச் ‘செய்தென’ என்ற வாய்பாடு அன்று இருந்தது. ‘மழை பெய்தென மரம் குழைத்தது’ (மழை பெய்ததால் மரம் தளிர்த்தது) என்று உரையாசிரியர்கள் காட்டுவார்கள். ‘பெய்தென’ வழக்கொழிந்துவிட்டது; அதன் வேலையையும் ‘பெய்து’ எடுத்துக்கொண்டது. ‘செய்து’ இப்படி ‘செய்தென’ என்பதன் இடத்தில் வருவதை அந்த உரையாசிரியர்களே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

வாலிப வயதில் நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்துவந்தேன். அங்கே மூத்த மெய்ப்பாளர் ஒருவர் இருந்தார். தாளை ஒற்றுப்பிழைக்காக ஒருமுறை படிப்பார். பிறகு எச்சங்களுக்காக மட்டும் தனியாக இன்னொருமுறை படிப்பார். ஒவ்வொரு எச்சத்தின் அடியிலும் பென்சிலை ஊன்றி, வரிக்குக் கீழே வளைவாக ஒரு கோடு இழுத்து, அதன் முற்றில் கொண்டுபோய் நிறுத்துவார். ஒருநாள் ஒரு நினைவஞ்சலி வந்தது: ‘நீண்ட நாள் நோய்வாய்ப்பட்டு, குடும்பத்தார் இரவு பகலாகக் கவனித்தும் இயற்கை எய்தினார்.’ பென்சில் ‘நோய்வாய்ப்பட்டு’ என்பதிலிருந்து கிளம்பி, குடும்பத்தாரிடம் போய் நின்றது. படிக்கிறவன் ஒரு கணம் குடும்பமே நோயில் கிடந்தது என்று நினைப்பான் என்றார். ‘நீண்ட நாள் நோய்வாய்ப்பட்டிருந்த அவர், குடும்பத்தார்...’ என்று திருத்தினார். இறந்தவருடைய நோயை அவரிடமே சேர்ப்பித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தார். நான் பார்த்த இலக்கண வகுப்புகளில் அதுதான் சிறந்தது. உங்கள் மகளுக்கும் ஒரு பென்சிலைக் கொடுத்து அப்படிக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். எழுவாய்க்கு விளக்கம் மனப்பாடம் செய்வதைவிட அது பல மடங்கு பயன் தரும்.

ஆசிரியையிடம் சண்டைக்குப் போக வேண்டாம். சுவர் இடிந்த செய்தி வரும் நாளிதழை எடுத்துக்கொண்டு போய், இதில் எழுவாய் எத்தனை என்று பணிவாகக் கேளுங்கள். மதிப்பெண் வராவிட்டால் போகட்டும். மகளிடம் மட்டும் அந்த வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. ‘கால் முறிந்து விழுந்தான்’ என்கிறோம். முறிந்தது கால், விழுந்தது ஆள். உறுப்பின் வினை, உறுப்பை உடையவனின் வினையோடு முடியலாம் என்று தொல்காப்பியர் இதற்கும் அடுத்த நூற்பாவிலேயே இடம் கொடுத்துவிட்டார். ஆனால் ‘மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தது’ என்றும் சொல்கிறோமே, அதில் விழுந்தது யார்? அந்த ஆள் வாக்கியத்தில் எங்கே இருக்கிறார்? உங்கள் மகளிடம் கேட்டு, அவள் சொல்வதை அப்படியே எனக்கு எழுதுங்கள்.