அரை ஓய்வு, பேரப்பிள்ளைகள், ஆர்.வி. பயணம்: மூன்றையும் எப்படிச் சேர்ப்பது?

ஓஹாயோவில் வீடு, வயது 63, வாரம் மூன்று நாள் வேலை, பக்கத்திலேயே பேரப்பிள்ளைகள். குளிரில் மட்டும் ஆர்.வி. (தங்கும் வசதியுள்ள வீட்டு வண்டி) எடுத்துக்கொண்டு அரிசோனா போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம்.

முதலில் குடும்பத் தேதிகளைக் குறியுங்கள், மிச்சமிருப்பதுதான் பயணத்துக்கு. கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரியில் கிளம்பி மார்ச் கடைசியில் திரும்புவது நல்ல கணக்கு. அரிசோனாவின் குவார்ட்ஸ்சைட் ஊர் அருகே அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை வண்டியை நிறுத்தித் தங்க நீண்டகால அனுமதிச்சீட்டு தருகிறார்கள்.

சோஷியல் செக்யூரிட்டியை (அரசு ஓய்வூதியம்) முழு ஓய்வு வயதுக்கு முன்கூட்டியே வாங்கினால் சம்பளத்தைக் கவனியுங்கள். 2025-இல் ஆண்டுச் சம்பளம் 23,400 டாலருக்கு மேல் போன ஒவ்வொரு 2 டாலருக்கும் ஓய்வூதியத்தில் 1 டாலர் நிறுத்திவைத்தார்கள். முழு ஓய்வு வயதில் அதை மறுகணக்கிட்டு மாதத் தொகையைக் கூட்டுவார்கள்.

பலரும் கோட்டைவிடுவது ஆர்.வி.யின் தண்ணீர்க் குழாயில்தான், குளிரில் உள்ளே நீர் உறைந்தால் வெடித்துவிடும். நவம்பரிலேயே வெந்நீர்க் கொதிகலனை ஆறவிட்டு, அழுத்தத்தை இறக்கி, வடித்துவிடுங்கள். கொதிகலனுக்குள் போகாமல் திருப்பிவிடும் பைபாஸ் வால்வைத் திருப்ப மறந்தால் ஆறு கேலன் உறைதடுப்புத் திரவம் கொதிகலனுக்கே போய்விடும். திருப்பினால் இரண்டு மூன்று கேலன் போதும். ஆர்.வி.க்கான இளஞ்சிவப்புத் திரவத்தையே பம்பு வழியாக ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் வெந்நீர், தண்ணீர் இரண்டு பக்கமும் நிறம் தெரியும்வரை திறந்துவிடுங்கள். வெளிப்புற ஷவரை மறக்காதீர்கள், அதுவும் வெடிக்கக்கூடும். ஒவ்வொரு வடிகாலிலும் அதே திரவம் ஒரு கோப்பை ஊற்றுங்கள்.

ஜனவரியில் அப்படியே ஓட்டிப் போய், இரவிலும் உறையாத இடம் வந்தபின் குழாய்களைக் கழுவுங்கள். அதுவரை குடிக்கவும் கழிப்பறைக்கும் கேன் தண்ணீர்.

வீட்டுக் காப்பீட்டில், ஆளில்லாத வீட்டுக்கு எத்தனை நாள் வரம்பு என்று கேட்டுவிடுங்கள். சாவியைப் பிள்ளைகளிடம் கொடுத்து, வாரம் ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.