கேள்வி வார்டிலிருந்து போகட்டும்

கேள்வி: மேடம், நான் எலும்பு முறிவு வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். டிப்ளமோதான் படித்திருக்கிறேன். நர்சிங் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் படுக்கைப் புண் பற்றிச் சேர்ந்து ஆராய்ச்சி செய்யலாம் என்று கூப்பிடுகிறார். முன்பு வந்த மாணவிகள் எங்களிடம் படிவத்தை நிரப்பி வாங்கிக்கொண்டு போனதோடு சரி, முடிவு என்ன ஆனதென்றே தெரியாது. ஒத்துக்கொள்ளலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: தாராளமாக ஒத்துக்கொள்ளுங்கள், சிஸ்டர். ஆனால் படிவம் அச்சாகி வரும்வரை காத்திருக்காதீர்கள். எதை ஆராய்வது என்று முடிவு செய்யும் அன்றைக்கே போய் உட்காருங்கள்.

டிப்ளமோ என்று தயங்கவே வேண்டாம். படுக்கைப் புண் வராமலிருக்க முதுகில் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடுவதை 'பேக் கேர்' என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தடவுவதால் பெரிய பலன் இல்லை, நோயாளியை நேரம் தவறாமல் புரட்டிப் படுக்கவைப்பதுதான் காப்பாற்றுகிறது என்று 1962-லேயே இங்கிலாந்தில் ஓர் ஆய்வு காட்டிவிட்டது. அதைச் செய்தவர் டோரீன் நார்ட்டன் என்ற நர்ஸ். முதியோர் மருத்துவர் எக்ஸ்டன்-ஸ்மித்தும் கூட இருந்தார். நோயாளியின் நிலைக்கு இருபதுக்கு மதிப்பெண் போட்டு, 14-ம் அதற்குக் கீழும் வந்தால் புண் வரும் ஆபத்து என்று சொல்லும் நார்ட்டன் அளவுகோல் அந்த ஆய்வில் வந்ததுதான்.

உங்கள் வார்டில் இன்னும் எத்தனை கேள்விகள் கிடக்கின்றன! டிராக்‌ஷனில் – அதாவது எடை கட்டி இழுத்து வைத்த நிலையில் – கால் மாட்டியிருக்கும் பாட்டியை எப்படிப் புரட்டுவது? நைட் டூட்டியில் தனியாக இருக்கும் சிஸ்டர் என்ன செய்வார்? புண்ணுக்கு முதல் அறிகுறி சிவப்பு என்கிறது புத்தகம். நம் ஊர்க் கறுத்த தோலில் சிவப்பு எங்கே தெரிகிறது? குதிகாலில் புறங்கையை வைத்துச் சூட்டையும், விரலால் அழுத்தி இறுக்கத்தையும் பார்த்துத்தானே கண்டுபிடிக்கிறீர்கள்? எனக்கு இதைவிட நல்ல ஆராய்ச்சித் தலைப்பு தோன்றவில்லை. பேராசிரியையிடம் இதையே சொல்லுங்கள். எத்தனை பேரைப் பார்க்க வேண்டும், எத்திக்ஸ் கமிட்டி அனுமதி, கணக்கு இதெல்லாம் அவருக்குக் கைவந்த வேலை.

அப்புறம், ஆய்வுக் கட்டுரையில் உங்கள் பெயர். தகவல் திரட்டிக் கொடுத்தால் மட்டும் போதாது. கட்டுரையை எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கெடுத்து, இறுதி வடிவத்துக்குச் சம்மதம் சொல்லி, அதற்குப் பொறுப்பும் ஏற்றவர்தான் கட்டுரையாசிரியர் என்கிறது மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேச விதி. அதனால் வரைவு உங்கள் கைக்கும் வர வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். முடிவை வார்டில் எல்லா சிஸ்டர்களுக்கும் தமிழில் விளக்கவும் ஒரு நாள் கேட்டு வாங்குங்கள்.