பனிப்புயல் எச்சரிக்கை இருக்கும்போது ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்குக் காரில் போகலாமா?

கேள்வி கேட்டவர் ஜனவரிக் கடைசியில் குடும்பத்தோடு போகிறார். ஜம்முவில் கார் வாடகைக்கு எடுத்து அவரே ஓட்டப் போகிறாராம். வானிலைத் துறை ஆரஞ்சு எச்சரிக்கை விட்டிருக்கிறது, "பனியில் ஓட்டுவது அவ்வளவு கஷ்டமா?" என்று கேட்கிறார். எனக்கு முன்னால் பதில் எழுதியவர்கள் எல்லாரும் டயர் சங்கிலி, ஸ்வெட்டர், கையுறை என்று போய்விட்டார்கள். மழையைப் பற்றி ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு நாமக்கல். ஸ்ரீநகரில் கிளம்பிக் கன்னியாகுமரி வரைக்கும் வருகிற 44-ஆம் நம்பர் ரோடு எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. அதன் இரண்டு கோடியிலும் லாரி ஓட்டியவன் நான். சொந்த வண்டி, பத்து சக்கரம். இங்கிருந்து டெல்லிக்கு ஒரு லோடு, அங்கிருந்து கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு மேலே, திரும்பி வரும்போது ஆப்பிள். வானிலை நான் படித்ததில்லை. அறிவியல் தெரிந்தவர்கள் கீழே வந்து திருத்தலாம், ஆனால் "லாரிக்காரனுக்கு என்ன தெரியும்" என்கிற தொனி மட்டும் வேண்டாம். இதற்கு முன் ஒரு பதிலுக்கு அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நீங்கள் கோவை, திருப்பூர்ப் பக்கமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஊட்டி, வால்பாறைக் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஓட்டிய கை. அந்தத் தைரியத்தில்தான் கேட்கிறீர்கள். தைரியம் நல்லதுதான், ஆனால் அங்கே பிரச்சினை வளைவில் இல்லை.

அங்கே குளிர்காலத்தில் மழையும் பனியும் கொண்டுவருவதை மேற்கத்திய இடையூறு என்று செய்தியில் சொல்வார்கள். மத்தியத் தரைக்கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக மேல்காற்றோடு வந்து இமயமலையில் முட்டும். நமக்கு வடகிழக்குப் பருவமழை ஓய்கிற நேரத்தில் அவர்களுக்கு இது சூடு பிடிக்கும். முட்டுவதற்கு முன்னால் மேகம் மூடி, ராத்திரிக் குளிர் குறைந்துவிடும். டூரிஸ்ட்டுகள் ஏமாறுவது அங்கேதான். "பரவாயில்லையே, குளிரே இல்லை" என்று வண்டியை எடுப்பார்கள். 2024 டிசம்பர் 21 அதிகாலையில் ஸ்ரீநகரில் மைனஸ் 8.5 டிகிரி, ஐம்பது வருஷத்தில் டிசம்பர் மாதத்தில் அப்படி ஒரு குளிர் இல்லை என்றார்கள். அன்றைக்குப் பனி விழவில்லை, வானம் துடைத்து விட்டிருந்தது. ஒரு வாரம் கழித்துப் பனி கொட்டியபோது ராத்திரி அதைவிடக் கதகதப்பு. அதனால் குளிரை வைத்து வண்டி எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யக் கூடாது.

அப்புறம் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். ஜம்முவிலிருந்து ஏறுகிற வழியில் ராம்பன், செனாப் ஆற்றை ஒட்டின பள்ளத்தில் இருக்கிறது, அங்கே மழைதான். அதற்கு மேலே பனிஹாலில் மழையும் பனியும் கலந்து அடிக்கும். மலையைக் குடைந்த சுரங்கத்தைத் தாண்டி, காஷ்மீர்ப் பக்கம் காசிகுண்டில் போய்த் தலையை நீட்டினால் வெறும் பனி. மேகம் ஒன்றுதான். இன்னொரு வேடிக்கை, குறுகலான பள்ளத்தாக்கில் விடாமல் கொட்டினால், மேலேயிருந்து விழுகிற பனி உருகும்போது காற்றில் இருக்கிற சூட்டை இழுத்துக்கொள்ளுமாம். அதனால் பனிஹாலில் மழை பெய்துகொண்டே இருக்கும், டீ குடித்துவிட்டு வருவதற்குள் பனியாக மாறிவிடும். போனில் பார்த்த வானிலை அறிவிப்பில் அது இருக்காது.

சரி, ஆபத்து எது? ராம்பனுக்கும் பனிஹாலுக்கும் நடுவில் சுமார் 36 கிலோமீட்டர். மலையெல்லாம் பொறுக்கு மண்ணும் உடைந்த பாறையும். அதிலும் நாலு வழிச் சாலைக்காக அடியை வெட்டி விட்டிருக்கிறார்கள். பனி விழுந்தால் மிஷின் வந்து ஒதுக்கிவிடும், ஒரு நாள் வேலை. மழை இறங்கினால் மலை கரைந்து ரோட்டில் உட்காரும். கல் உருளும், அது சின்னதா பெரியதா என்று பார்க்க நேரம் இருக்காது. பந்தியால் என்கிற இடத்தில் மழை விட்ட பிறகுகூடக் கல் விழுந்துகொண்டிருக்கும், அதற்குப் பயந்துதான் 2023-இல் அங்கே தனிச் சுரங்கம் திறந்து வண்டிகளை உள்ளே விட்டார்கள். 2025 ஏப்ரல் 20 அன்று ராம்பனில் மழை வெள்ளமும் மண்சரிவுமாக வந்து மூன்று பேர் இறந்தார்கள், ரோடு நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. குளிர்காலம் முடிந்த பிறகு வந்ததே அப்படி.

பனிச்சரிவு இல்லையா என்று ஒருத்தர் கேட்கத்தான் போகிறார். இருக்கிறது. 2019 பிப்ரவரியில் ஜவாஹர் சுரங்கத்தின் வாயில் பக்கம் இருந்த போலீஸ் சாவடியையே அடித்துப் போட்டது, போலீஸ்காரர்கள் இறந்தார்கள். ஆனால் அது 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிற பழைய சுரங்கம். இப்போது வண்டிகள் போவது அதற்குக் கீழே 2021-இல் திறந்த எட்டரை கிலோமீட்டர்ச் சுரங்கத்தில்.

என் கதைக்கு வருகிறேன். அது ஒரு ஜனவரி. புல்வாமா பக்கம் லாசிபோரா குளிர்பதனக் கிடங்கில் ஆப்பிள் ஏற்றிக்கொண்டு காசிகுண்டு வரும்போது வண்டியெல்லாம் வரிசை கட்டி நிற்கிறது. என்னோடு என் அக்கா மகன், இரண்டாவது டிரைவர். அவனுக்கு அதுதான் முதல் பனி. ராத்திரி முழுக்கக் கொட்டியது. தார்ப்பாய் மேல் ஏறி ஏறித் தள்ளினோம், இல்லாவிட்டால் பாரத்தில் கம்பி வளைந்துவிடும்.

பனியில் நிறுத்துகிற வண்டிக்கு என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை. நம்மூர் வண்டியில் ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீர் ஊற்றியிருப்பான், அது உறைந்தால் பிளாக்கே விரிசல் விடும், கூலன்ட் கலந்தாக வேண்டும். பிரேக்குக்கான ஏர் டேங்கின் அடியில் ஒரு வால்வு இருக்கும். சாயங்காலம் அதைத் திறந்து உள்ளே தேங்கின தண்ணீரை "புஸ்" என்று வெளியே விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் காலையில் லைனில் ஐஸ் அடைத்துப் பிரேக் வேலை செய்யாது. ஹேண்ட் பிரேக் போடக் கூடாது, ஈர லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்த வேண்டும். புது வண்டிகளில் புகையைச் சுத்தமாக்க ஊற்றுகிறோமே யூரியாத் தண்ணீர், அது மைனஸ் 11-இல் உறையும். டீசலும் கட்டியாகும். பக்கத்து வண்டிக்காரர் ஒருத்தர் டேங்குக்கு அடியில் நெருப்பு மூட்டினார், நான் போய்ச் சண்டை போட்டு அணைத்தேன்.

மறுநாள் மதியம் பனி விட்டது. மிஷின் வந்து ரோட்டைச் சுத்தமாக வழித்துக்கொண்டு போனது. வெயில்கூட எட்டிப் பார்த்தது. அப்படியும் விடவில்லை. என் மருமகன் கொதித்துவிட்டான்.

"மாமா, இங்கதான் பனி நின்னு போச்சே, அப்புறம் எதுக்குங்க மாமா புடிச்சு வச்சிருக்காங்க?"

"இங்க நின்னு என்னடா ஆகுது, கீழ மழை நிக்கோணுமல்ல" என்றேன்.

ராம்பனுக்கு இந்தப் பக்கம் மலை இறங்கியிருந்தது. அது தெரியாமல் எங்களைச் சுற்றி நின்ற டூரிஸ்ட் கார்க்காரர்கள் போலீஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ரோடு கண் முன்னால் காலியாகக் கிடந்தால் யாருக்கும் கோபம் வரும்தான். அந்த ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உப்புப் போட்ட டீயும் ரொட்டியும் கொண்டுவந்து லாரி லாரியாகக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. பெரன் என்கிற தொளதொள அங்கிக்குள் காங்ரி நெருப்புச் சட்டியை வைத்துக்கொண்டு வந்த ஒரு பெரியவர் அதை அப்படியே என் மருமகன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ரோடு திறந்தபோது முதலில் சின்ன வண்டி, அப்புறம்தான் லாரி. எங்கள் முறை வந்தது அதிகாலையில். வானம் சுத்தமாகிவிட்டது, அதனாலேயே குளிர் எலும்புக்குள் இறங்கியது. இதுதான் மழைக்கு அடுத்த ஆபத்து. பகலில் உருகி ஓடின தண்ணீர் ராத்திரியில் ரோட்டோடு ரோடாக உறைந்துவிடும். வெள்ளையாகத் தெரியாது, ஈரத் தார் போலக் கருப்பாகத்தான் இருக்கும். பனிஹால் இறக்கத்தில் இரண்டாவது கியரில் காலைப் பிரேக்கில் வைக்காமல் ஊர்ந்துகொண்டிருந்தோம். வெளி மாநிலக் கார் ஒன்று ஹாரன் அடித்து எங்களைத் தாண்டியது. வளைவில் பிரேக் விளக்கு எரிந்தது, அவ்வளவுதான், கார் பம்பரம் மாதிரி ஒரு சுற்று சுற்றித் தடுப்பில் போய் முதுகைக் கொடுத்து நின்றது. யாருக்கும் அடி இல்லை. ஓட்டினவர் கதவைத் திறந்து காலை ஊன்றினார், ஊன்றின கால் வழுக்கிக் காருக்கு அடியில் போய்விட்டது. அப்புறம்தான் அவருக்கே புரிந்தது எதன் மேல் எண்பதில் வந்தோம் என்று. உள்ளே ஒரு சின்னக் குழந்தை. நாங்கள் அடுப்புச் சாம்பலைக் கொட்டி, தள்ளி, அனுப்பிவைத்தோம். காரில் சங்கிலி இருந்தது, டிக்கியில், பிரிக்காத கவரில்.

இத்தனையும் தாண்டி டெல்லி மண்டியில் கொண்டுபோய் இறக்கினால் கமிஷன்காரர் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு "உறைந்துவிட்டது" என்று வாடகையில் பிடித்துக்கொண்டார். ஆப்பிள் மைனஸ் 2 வாக்கில் உறையும், உண்மைதான், ஓரத்தில் இருந்த சில பெட்டிகள் பழுப்படித்திருந்தன. அதற்கு டிரைவர் என்ன செய்வான்? ரோட்டை நான் மூடினேனா? நின்ற நாளுக்கு ஹால்டிங் காசு கேட்டால், "இயற்கைக்கு நான் பொறுப்பா" என்கிறார். பழம் கெட்டால் மட்டும் இயற்கை என் தலையில்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். அந்த மருமகனுக்கு இன்றுவரை பெண் அமையவில்லை. சொந்த வீடு, குடி இல்லை, மாதம் அவன் சம்பாதிப்பது சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன்களுக்குக் குறைச்சல் இல்லை. "லாரிங்களா?" என்ற ஒரு வார்த்தையில் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஆப்பிள் எப்படி வந்தது என்று ஒருத்தரும் யோசிப்பதில்லை.

சரி, உங்கள் விஷயம். எச்சரிக்கை இருக்கிற இரண்டு மூன்று நாளும், அது முடிந்து வெயில் வந்த முதல் ராத்திரியும் அந்த ரோட்டில் காரை எடுக்காதீர்கள். போலீஸ் தினமும் எந்தப் பக்கம் எத்தனை மணிக்குள் தாண்ட வேண்டும் என்று அறிவிப்பார்கள், அதைப் பார்க்காமல் ஜம்முவை விட்டுக் கிளம்பக் கூடாது. வழியில் உதம்பூரிலேயே நிறுத்திவிட்டால் வாதாடாமல் அறை எடுத்துத் தங்குங்கள். நடுவழியில் மாட்டினால், ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மட்டும் தூங்காதீர்கள். புகைக்குழாயைப் பனி மூடினால் புகை உள்ளேதான் வரும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானில் முர்ரீ மலைக்குப் பனி பார்க்கப் போய்க் காருக்குள் மாட்டி இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் சிலர் குளிரில் சாகவில்லை, அந்தப் புகையால்தான் என்று சொன்னார்கள்.

இதைவிடச் சுலபமான வழி, ஜம்முவுக்குப் பக்கத்தில் இருக்கிற கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூனிலிருந்து வந்தே பாரத் ஓடுகிறது. கண்ணாடியில் பனி படியாமல் இருக்கச் சூடேற்றும் வசதி வைத்தே செய்த வண்டி. வழியில் பெரும்பகுதி சுரங்கம், மலை இறங்கினாலும் ரோட்டைப் போல அடி வாங்காது. அதே லைனில் இப்போது ஆப்பிளும் ரயிலேறி டெல்லிக்குப் போகிறது, எங்கள் பிழைப்பில் கை வைத்த ரயில். அதற்கு நானே விளம்பரம் செய்கிறேன் என்று எங்கள் சங்கத்து ஆட்கள் திட்டுவார்கள், திட்டட்டும், குழந்தையை வைத்துக்கொண்டு போகிறவருக்கு வேறு எதைச் சொல்வது? காரை ஸ்ரீநகரில் இறங்கி, ஊர் சுற்றிக்காட்ட அந்த ஊர் டிரைவரோடு எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் கிடைக்கவில்லை என்று எனக்குக் கமெண்ட் போடாதீர்கள், லோடு வேண்டுமானால் பிடித்துத் தருகிறேன், ரயில் டிக்கெட் என் கையில் இல்லை.