என்னையும் ‘தம்பி’ என்றே கூப்பிட்டவர்

கேள்வி: அம்மா, நான் ஒரு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. எங்கள் கிளையில் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். கேஷ் கவுண்டர் வேலை முழுவதையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அடுத்த மாதம் மாறுதலாகிச் சொந்த ஊர்ப் பக்கம் போகிறார். நன்றி சொல்லப் போனால் “அது என் டியூட்டிம்மா” என்று நகர்ந்துவிடுகிறார். பரிசு எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டார். இதற்கிடையில், “அவர் கோட்டாவில் வந்தவர்தானே” என்று ஓரிருவர் காதுபடவே பேசுகிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வது?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: உங்கள் கடிதம் என்னை 1984-க்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு சின்னக் கிளை. எனக்கு இருபத்திரண்டு வயது. ஹெட் கேஷியராக இருந்தவர், மதராஸ் சாப்பர்ஸ் என்று சொல்லும் மதராஸ் என்ஜினியர் குரூப்பில், அதாவது பாலம் கட்டுவது, கண்ணிவெடி அகற்றுவது போன்ற வேலைகளைச் செய்யும் ராணுவப் பிரிவில், பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்தவர். கிளையில் எல்லோருக்கும் அவர் ‘மிலிட்டரி சார்’. மதராஸ் சாப்பர்களுக்கு ராணுவத்தில் ‘தம்பி’ என்றே பெயர். அந்தப் பழக்கத்தில் அவரும் தன்னைவிட இளையவர்கள் எல்லோரையும் தம்பி என்பார். புடவை கட்டி எதிரே நின்ற என்னையும்தான்.

அப்போது எங்களிடம் நோட்டு எண்ணும் மிஷின் கிடையாது. ஈர ஸ்பான்ஜில் விரலைத் தொட்டுத் தொட்டு எண்ண வேண்டும். நூறு நோட்டு ஒரு கட்டு. கட்டுகளை ஸ்டேப்பிள் அடித்துத்தான் வைப்போம். ரிசர்வ் வங்கி அந்த வழக்கத்தை நிறுத்தச் சொன்னது 2001-ல்தான். பின்னைப் பிடுங்கி என் நகக்கண் கிழிந்த அன்று, தட்டைக் கத்தியை எந்தப் பக்கம் கொடுத்து நெம்ப வேண்டும் என்று காட்டினார். எண்ணும்போது நடுவில் நிமிரக் கூடாது. நிமிர்ந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. “மேனேஜர் கூப்பிட்டாலும் நிப்பாரு தம்பி, விட்ட எண்ணிக்கை நிக்காது” என்பார்.

அப்புறம் அந்த நாள் வந்தது. மாத முதல் வாரம், சம்பள நாள், கவுண்டரில் கூட்டம். பணம் கொடுக்கும் முன் காசோலையின் பின்பக்கம் எந்த நோட்டு எத்தனை என்று எழுதச் சொல்லியிருந்தார். கூட்டத்தைப் பார்த்துப் பதறி அன்று நான் பாதிக் காசோலைகளில் எழுதவில்லை. சாயங்காலம் கணக்கு முடித்தால் மூவாயிரம் ரூபாய் குறைகிறது. என் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல். கேஷில் குறைந்தால் கேஷியர் கையிலிருந்து கட்ட வேண்டும். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

மிலிட்டரி சார் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். “காலையில கதவு தொறந்ததும் முதல்ல யாரு வந்தா? என்ன கலர் சட்டை?” என்றார். சொன்னேன். “டோக்கன் எத்தனை? பணத்தை எண்ணிப் பார்த்தாரா, அப்படியே பையில போட்டாரா?” ஒவ்வொரு ஆளாக, ஒவ்வொரு டோக்கனாக. அவசரமே இல்லை. இரவு எட்டரைக்கு நாற்பத்து சொச்சமாவது ஆள். வெல்ல மண்டிக்காரர். அவருடைய பணத்தைச் சொல்லும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. இருபது ரூபாய்க் கட்டு என்று நினைத்து ஐம்பது ரூபாய்க் கட்டைக் கொடுத்திருக்கிறேன். வித்தியாசம் சரியாக மூவாயிரம். அந்த இருட்டில் மிலிட்டரி சாரும் அட்டெண்டரும் சைக்கிளில் போனார்கள். மண்டிக்காரர் கட்டைப் பிரிக்காமலே வைத்திருந்தார். நல்ல மனுஷன், மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார்.

இந்தப் பொறுமையை அவர் எங்கே கற்றார் என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. 1971 டிசம்பரில் பசந்தர் ஆற்றுப் பக்கம் நடந்த சண்டையில், டாங்கிகள் கடந்து போவதற்காகப் பாகிஸ்தான் புதைத்திருந்த கண்ணிவெடிகளுக்கு நடுவே வழி எடுத்தவர்கள் சாப்பர்கள். அவர்களில் அவரும் ஒருவர். கையால் தேடும்போது குப்புறப் படுத்து, ஒரு கம்பியை மண்ணில் சாய்வாக நுழைத்து, அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டு போக வேண்டும். செங்குத்தாகக் குத்தினால் கண்ணியின் தலையில் படும். சாய்வாகப் போனால் பக்கத்தில் தட்டும், ஆள் பிழைப்பான். ஒரு கை அகலத்தைக்கூடத் தாண்டிப் போகக் கூடாது. அந்த இரவு என் நாளை அவர் அப்படித்தான் தேடினார் என்று இப்போதும் நினைப்பேன்.

இனி நன்றிக்கு வருகிறேன். 2004-ல் அவர் ஓய்வுபெற்றபோது பிரிவுபசார விழாவில் நான்தான் பேசினேன். நாட்டுப்பற்று, கட்டுப்பாடு, நேரம் தவறாமை, எல்லையில் காத்தவர் இங்கே கல்லாவைக் காத்தார் என்றெல்லாம் பேசினேன். கைதட்டினார்கள். அவர் மட்டும் சால்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எந்த முன்னாள் படைவீரருக்கும் பொருந்தும் பேச்சு அது. அவருக்கென்று அதில் ஒரு வரி இல்லை. வீட்டுக்கு வந்ததும் அது உறுத்தியது. ஆனாலும் எட்டு வருடம் தள்ளிப்போட்டேன்.

2012-ல் நான் மேனேஜராக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஊருக்குப் போனேன். வேலூர்ப் பக்கம், வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் இருக்கும் ஊர்களில் ஒன்று. திண்ணையில் உட்கார்ந்து அந்த மூவாயிரம் ரூபாய் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். என் கவுண்டரில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த வெள்ளைத்தாளைச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. “எனக்கும் அன்னைக்கி பயம்தான் தம்பி. பொண்ணு வேலையை விட்டுப் போயிடுமோன்னு இருந்துச்சு” என்றார். பிறகு பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் ரிக்ரூட்டாக இருந்த காலத்துக்குப் போனார். பயிற்சி கொடுப்பவரை ராணுவத்தில் ‘உஸ்தாத்’ என்பார்கள். இவர் ஒரு முடிச்சைத் தப்பாகப் போட்டபோது அவருடைய உஸ்தாத் திட்டாமல், விளக்கு அணையும்வரை பக்கத்தில் உட்கார்ந்து கயிறைப் பிரித்துப் பிரித்துக் காட்டினாராம். “அவருக்கு நான் இதைச் சொன்னதே இல்ல” என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

2019-ல் அவர் காலமானார். 2024-ல் வயநாடு நிலச்சரிவின்போது சூரல்மலையில் மதராஸ் சாப்பர்கள் இரும்புத் துண்டுகளை இணைத்துக் கட்டும் 190 அடி பெய்லி பாலத்தை ஒன்றரை நாளுக்குள் கட்டி முடித்ததை டிவியில் பார்த்தேன். கை தானாகப் போனை எடுத்தது. போன் செய்ய அவர் இல்லை.

அதனால் நீங்கள் எட்டு வருடம் காத்திருக்க வேண்டாம். சட்டைத்துணி, கடிகாரம் எல்லாம் விடுங்கள். ஒரு தாள் எடுத்து, அவர் என்ன செய்தார், எந்த நாள், அது இல்லாமல் போயிருந்தால் உங்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். ‘டியூட்டி’ என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாதபடி விவரமாக எழுதுங்கள். அவர் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள். அவர் மனைவியும் பிள்ளைகளும் படிக்க வேண்டும். அவர் வருடக்கணக்கில் வீட்டை விட்டு இருந்தபோது குடும்பத்தைச் சுமந்தவர்கள் அவர்கள். ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஜெனரல் கரியப்பா 1953-ல் ஓய்வுபெற்ற நாள் அது. நம் ஊரில் போகி, பொங்கல் பரபரப்பில் அது யார் கண்ணிலும் படுவதில்லை. அன்றைக்கு அவருக்கு ஒரு போன் போடுங்கள்.

கோட்டா என்று பேசுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பொதுத்துறை வங்கிகளில் கிளார்க் இடங்களில் முன்னாள் படைவீரர்களுக்கு 14.5 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் 4.5 சதவீதம் பணியில் உடல் ஊனமுற்ற வீரர்களுக்கும், உயிர்விட்டவர்களின் குடும்பத்துக்கும். படை இளமையாக இருக்க வேண்டும் என்பதற்காக நாடுதான் இவர்களை முப்பத்தைந்து, நாற்பது வயதில் வீட்டுக்கு அனுப்புகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயது அது. பதினெட்டு வயதில் துப்பாக்கி பிடித்தவர் நாற்பதில் மறுபடி பாடப்புத்தகம் எடுத்துத் தேர்வு எழுதி உள்ளே வந்திருக்கிறார். இதை நீங்கள் சண்டையாகச் சொல்ல வேண்டாம். ஆனால் அடுத்த முறை பேச்சு வரும்போது சும்மாவும் இருக்காதீர்கள்.

கேள்வி: விமானப்படையில் இருபது வருடம் முடித்து, இப்போது ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். கூட இருப்பவர்கள் என் தங்கை பிள்ளைகள் வயது. தவறைச் சுட்டிக்காட்டினால் அவர்கள் முகம் சுருங்குகிறது. கணினியில் அவர்கள்தான் கெட்டி. பேசாமல் என் வேலையைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கி இருந்துவிடலாமா?
– முன்னாள் விமானப்படை வீரர், தாம்பரம்

பதில்: ஒதுங்காதீர்கள் ஐயா. மேலே சொன்ன கதையில் நீங்கள்தான் மிலிட்டரி சார். அவர் வாடிக்கையாளர் முன்னால் ஒரு நாளும் என்னைத் திருத்தியதில்லை. மறுநாள் காலை கேஷ் திறக்கும் முன், டீ குடிக்கும்போது, “நேத்து மூணாவது டோக்கன்ல என்ன ஆச்சு?” என்று ஆரம்பிப்பார். அந்த நேரத்தில் சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்காது.

கணினி விஷயத்துக்கும் அவரே வழி காட்டியிருக்கிறார். எங்கள் கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. கிளையில் அதில் முதலில் பயிற்சி பெற்றவள் நான். அவர் தன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, “இப்போ நீ உஸ்தாத். சொல்லு தம்பி” என்றார். எந்தக் கட்டையை அழுத்தினால் என்ன வரும் என்று ஒவ்வொன்றாகப் படம் வரைந்து எழுதிக்கொண்டார். அந்த நோட்டு மூன்று மாதம் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது.