சுண்ணாம்புத் தண்ணீரில் வலிசினேரியா

கேள்வி: அக்கா, எங்கள் மீன்தொட்டி ஒன்றரை அடி உயரம். பின்னால் இருக்கும் பில்டர் குழாயை மறைக்க வலிசினேரியா என்ற உயரமான நீர்ச்செடியை நட்டேன். ஒரு கிழமைக்குள் இலையெல்லாம் கரைந்து போனது. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கேத்திலில் வெள்ளையாகப் படியும். அதுதான் காரணமா? வேறு செடி பார்க்கவா?
– வாசகி, முள்ளியவளை

பதில்: தண்ணீரைக் குற்றம் சொல்லாதீர்கள், தங்கச்சி. காபனீரொட்சைட்டு குறைந்தால் பல நீர்ச்செடிகள் சோர்ந்துவிடும். வலிசினேரியாவோ இப்படி வெள்ளை படியும் சுண்ணாம்புத் தண்ணீரில் கரைந்திருக்கும் இருகாபனேற்று என்ற உப்பிலிருந்தே தனக்கு வேண்டிய காபனை எடுத்துக்கொள்ளும். லேசான உவர்ப்பையும் தாங்கும். வன்னிக் கிணறுகளுக்கு இதைவிடத் தோதான உயரச் செடி எனக்குத் தெரியாது.

இடம் மாறினால் இது பழைய இலையை விட்டுவிடும். வேர் வெள்ளையாக, இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எறியவேண்டாம், புது இலை வரும்.

நடுவதில்தான் கவனம் வேண்டும். வேரும் இலையும் சேருமிடத்தில் வெளிறிய கழுத்து ஒன்று இருக்கும். அது மணலுக்குள் புதைந்தால் அழுகிவிடும். முதலில் கொஞ்சம் ஆழமாக நட்டு, கழுத்து வெளியே தெரியும்வரை மெல்ல மேலே இழுத்துவிடுங்கள். வேரும் அப்போது நேராகும். இரண்டங்குலப் பருமணல் போதும். பாசியைக் கட்டுப்படுத்தக் கடையில் தரும் திரவ காபனை ஊற்றியிருந்தால் உடனே நிறுத்துங்கள். அதில் பெரும்பாலும் இருப்பது குளுட்டரல்டிகைட்டு என்ற கிருமிகொல்லி. வலிசினேரியாவை அது கரைத்தே விடும்.

வேர் பிடித்தபின் வல்லாரை மாதிரி கொடி ஓடிக் குட்டி போடும். குழாய்க்கு முன்னால் இரண்டங்குல இடைவெளியில் நட்டால் இடையை அதுவே நிரப்பிக்கொள்ளும். இலை நீர்மட்டத்தைத் தொட்டு மேலே படர்ந்தால், நுனியை வெட்டாமல் வெளிப்புறத்து முதிர்ந்த இலையை அடியோடு எடுங்கள். வெட்டிய நுனி பழுப்பேறி அசிங்கமாக நிற்கும்.

சரி, வேறு செடி என்றால் வேலம்பாசி உண்டு. கடகடவென்று உயரும். ஆனால் குளத்தில் அள்ளினால் நத்தை முட்டையும் தும்பிப் புழுவும் கூடவே வரும். அந்தப் புழு மீன்குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும்.

எந்தச் செடியானாலும், கழித்ததை வாய்க்காலில் போடாதீர்கள். ஆகாயத்தாமரையும் இலங்கைக்கு அழகுச் செடியாகத்தான் வந்தது. 1909இல் அதைத் தடுக்கச் சட்டமே போடவேண்டி வந்தது. வெயிலில் நன்றாகக் காயவிட்டுத் தென்னைக்கு அடியில் போடுங்கள்.