‘பார்ப்போம்’ என்று மட்டும் சொல்லிவிடாதே

தங்கச்சி, உன் கேள்வியைக் கோட்டையூரில் மாமியார் வீட்டு முகப்பில் உட்கார்ந்து படித்தேன். முன்னோருக்குப் படையல் போடுகிற படைப்புக்காக வந்திருக்கிறோம். நீ டெக்சாஸ் போய் இரண்டு மாதம் ஆகிறது என்கிறாய். அவர் வேலைக்குக் கிளம்பியதும் வாரம் தவறாமல் இரண்டு பெண்கள் புத்தகத்தோடு வந்து மணி அடிக்கிறார்கள், பக்கத்து வீட்டுப் பெரியவர் சர்ச்சுக்கு வா வா என்கிறார், போதாக்குறைக்கு ஒரு தமிழ்க் குடும்பம் சனிக்கிழமை பஜனைக்கு வந்தே தீரவேண்டும் என்கிறது, எப்படி ஆச்சி சமாளிப்பது என்று கேட்டிருக்கிறாய். கூடவே குளிர்கோட்டு, துவரம்பருப்பு, ஓட்டுநர் உரிமம். கோட்டையும் பருப்பையும் அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முதல் கேள்விக்குத்தான் எனக்குக் கை துறுதுறுக்கிறது.

நான் போனது 1998 ஜனவரியில். ஹூஸ்டனிலிருந்து மூன்று மணி நேரம் காரில் போகவேண்டிய சின்ன ஊர். வேலை விசாவில் போகிறவரின் மனைவிக்குத் தருகிற எச்-4 விசா, அதில் வேலை பார்க்கக்கூடாது. (எங்களைப் போன்றவர்களில் சிலருக்காவது அந்த அனுமதி கிடைத்தது 2015-ல்தான். அதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது.) கார் ஓட்டத் தெரியாது. பள்ளத்தூரில் எங்கள் வளவில் ஒரு வேளைப் பந்திக்குப் பதினேழு இலை விழும். அங்கே பிறந்துவிட்டு, காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பது எப்படி என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உனக்காவது வாட்ஸ்அப் இருக்கிறது. அப்போது ஃபோன் கார்டு. ஆத்தாவோடு பத்து நிமிடம் பேசினால் எட்டு நிமிடம் அழுகையிலேயே கரையும்.

இப்படி இருக்கிறவள் வீட்டில் மணி அடித்தால் என்ன செய்வாள்? ஓடிப்போய்த் திறந்தேன். “உலகத்தில் ஏன் இவ்வளவு துன்பம் என்று யோசித்ததுண்டா?” என்று கேட்டார்கள். அதைத்தான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன்! உட்காரவைத்துக் காப்பி போட்டேன். ஆத்தா கொடுத்துவிட்ட சீப்புச் சீடையைத் தட்டில் வைத்தேன். இரண்டு மணி நேரம் இருந்தார்கள். கிளம்பும்போது அடுத்த செவ்வாய் வரலாமா என்றார்கள். “பார்ப்போம்” என்கிற மாதிரி இங்கிலீஷில் ஏதோ சொன்னேன்.

தப்பு அங்கேதான். பெண் கேட்டு வந்தவர்களிடம் ‘கலந்துக்கிட்டுச் சொல்றோம்’ என்றால் நம்ம பக்கத்தில் என்ன அர்த்தம்? வந்தவர் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தப் பாஷை தெரியாது. பார்ப்போம் என்றால் பார்ப்போம்தான், டைரியில் எழுதிக்கொள்வார்கள். பதினோரு செவ்வாய்க்கிழமை வந்தார்கள். சீடை தீர்ந்தது, என் பொறுமையும் தீர்ந்தது. கடைசி இரண்டு வாரம் விளக்கை அணைத்துவிட்டுக் குளியலறையில் ஒளிந்துகொண்டேன். வாடகை கொடுக்கிற வீட்டில், பட்டப்பகலில்!

அப்புறம் என் கணவர்தான் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார்: “எனக்கு இதில் விருப்பம் இல்லை. தயவுசெய்து இனி வரவேண்டாம். நன்றி.” பள்ளிக்கூடத்துச் செய்யுள் மாதிரி மனப்பாடம் செய்து, கை நடுங்கச் சொன்னேன். “சரி, நல்லா இருங்க” என்கிற மாதிரி சிரித்துவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அவ்வளவு சுலபமாக முடியும் என்று தெரிந்திருந்தால் சீடையாவது மிஞ்சியிருக்கும்.

ஆகையால் காரணம் சொல்லாதே. காரணம் சொன்னால் அதற்கு ஒரு பதில் அவர்கள் பையில் இருக்கும். ‘நாங்கள் பிள்ளையாரைக் கும்பிடுகிறவர்கள்’ என்று ஆரம்பித்தால் ஏன் யானைத்தலை என்பார்கள், நீ கைலாசம் வரை போய்த் திரும்பவேண்டும். சிலர் தப்பிக்க ‘நாங்களும் கிறிஸ்தவர்தான்’ என்று பொய் சொல்கிறார்கள். அடுத்த கேள்வி ‘எந்தச் சர்ச்?’ அப்போது முழிக்கிற முழியைப் பார்க்கவேண்டும்.

போலீசைக் கூப்பிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். வந்து தட்டுவது குற்றமில்லை. ஓஹையோவில் ஸ்ட்ராட்டன் என்று ஒரு சின்ன ஊர், வீடு வீடாகப் போகிறவர்கள் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும் என்று விதி போட்டது. மதம் பேச வருகிறவர்களிடம் அதைக் கேட்கக்கூடாது என்று 2002-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வராதே என்று பலகை மாட்டுவதும், பேசமாட்டேன் என்று கதவைச் சாத்துவதும் வீட்டுக்காரர் உரிமை, அதுவே போதுமான பாதுகாப்பு என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. நம்ம அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவுகூட மதத்தைப் பரப்ப உரிமை தருகிறது, அதனால் ‘அமெரிக்காவில் மட்டும் இப்படி’ என்று புலம்பாதே. நீ வேலைக்குப் போனபிறகு மேலதிகாரி இந்தத் தொல்லை கொடுத்தால் அது வேறு கதை. 15 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கிற இடம் என்றால் 1964-ஆம் வருஷத்துக் குடிமை உரிமைகள் சட்டம் உன் பக்கம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் விஷயத்தில் அவசரப்படாதே. எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். முதல் வருஷம் எங்கள் நகரத்தார் வீட்டுப் பிள்ளையார் நோன்பு வந்தது. கார்த்திகை தீபத்திலிருந்து எண்ணி இருபத்தொன்றாம் நாள், ஆவாரம்பூவுக்கு எங்கே போவது, ஏதோ மஞ்சள் பூ வைத்து, மாவு பிசைந்து, புது வேட்டியில் நூல் உருவி, இருபத்தோரு இழைத் திரி போட்டு ஏற்றினோம். வீட்டில் இரண்டே பேர். மாவில் திரி வைத்து ஏற்றிய இழையை என் கணவர் எடுத்துக் கொடுத்தார். சுடரோடு வாயில் போடுகிற நேரம் கூரையில் இருந்த புகைமணி அலறியது பார், ஊரே எழுந்துவிட்டது. பெரியவர் செருப்புக்கூடப் போடாமல் தீயணைக்கும் குப்பியோடு ஓடிவந்தார். பட்டுப்புடவையில் ஒருத்தி நெருப்பை முழுங்கிக்கொண்டு நிற்கிறாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “வயிறு சுடாதா?” உட்காரவைத்துக் கருப்பட்டிப் பணியாரம் கொடுத்தேன். மறுவாரமும் சர்ச்சுக்குக் கூப்பிட்டார். “நான் வரமாட்டேன், ஆனால் நீங்கள் எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள், நானும் உங்களுக்காகப் பிள்ளையாரிடம் சொல்கிறேன்” என்றேன். சிரித்தார். அதன்பிறகு கூப்பிடவே இல்லை. எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவர்தான். இருபது வருஷம் அங்கே இருந்தும் அடுத்த வீட்டுக்காரர் பேர் தெரியாத நம்மவர்கள் நிறையப் பேர். அவர்கள்தான் ‘அமெரிக்கர்கள் நம்மை மதம் மாற்றப் பார்க்கிறார்கள்’ என்று அதிகம் பேசுவார்கள்.

சரி, பஜனைக்கு வருகிறேன். இதில்தான் நீ ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

விமான நிலையத்துக்கு வந்து எங்களை அழைத்துப்போனது ஒரு தமிழ்க் குடும்பம். படுக்க மெத்தை, குக்கர், நாலு கிண்ணம் எல்லாம் கொடுத்தார்கள். அந்த உதவியை இன்றும் நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் மூன்றாம் வாரம் அவர்கள் குருவின் பஜனை. போனோம். ஐந்தாம் வாரம், உங்கள் வீட்டில் குருவின் படம் இல்லையே என்றார்கள். பிறகு முகாமுக்குப் பணம். ஒரு வாரம் போகாவிட்டால் அந்த அம்மா ஃபோனில் ‘மெத்தை சௌகரியமா இருக்கா?’ என்பார். உதவிக்கு யாராவது வட்டி போடுவார்களா? வட்டித் தொழில் பார்த்த குடும்பத்தில் பிறந்தவள் சொல்கிறேன், எங்கள் ஐயாகூட அப்படிக் கணக்கு எழுதியதில்லை. காரைக்குடியில் இருந்தவரை கொப்புடையம்மன் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதர்கள், கடல் தாண்டியதும் ஊருக்கே பக்தி வகுப்பு எடுக்கிறார்கள்.

2000-ல் என் பெரியவனுக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போது காய்ச்சல், மூன்று நாள் ஆஸ்பத்திரி. அந்த அம்மா பார்க்க வந்தார். பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “பஜனையை விட்டீங்கள்ல, அதான்” என்றார். கதவைத் தட்டிய பெண்கள் பதினோரு வாரத்தில் ஒருநாளும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. பிள்ளை வீடு திரும்பிய மறுநாள் மெத்தை, குக்கர், கிண்ணம் எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டுபோய் அவர்கள் வாசலில் இறக்கினேன். கிண்ணத்தில் பாசிப்பருப்பு நிரப்பித்தான் கொடுத்தேன், வெறுங்கிண்ணமாகக் கொடுக்கக்கூடாது இல்லையா.

ஐயா பர்மாவில் கிட்டங்கியில், அதாவது நகரத்தார் தொழில் நடத்தித் தங்கிய இடத்தில், இருந்தவர், 1942-ல் நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். காலையில் பொங்கிகள், அந்த ஊர்ப் புத்த பிட்சுகள், பாத்திரத்தோடு வரிசையாக வருவார்களாம். இவர் உள்ளே வேலுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, வெளியே வந்து அவர்களுக்குச் சோறு போடுவாராம். வாங்கிக்கொண்டு பேசாமல் போவார்களாம். நகரத்தார் போன இடமெல்லாம் தண்டாயுதபாணியைக் கொண்டுபோனார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859-ல் கட்டியது. அங்கே தைப்பூசத்துக்குச் சீனர்களும் காவடி எடுக்கிறார்கள், அவர்களாக வந்து. அந்தக் காலத்தில் நோன்புப் பணியாரம் தின்று வளர்ந்த எனக்கு, சாமியை ஒருவர் வாயில் திணிக்க முடியும் என்பதே அமெரிக்கா போய்த்தான் தெரிந்தது.

நேற்று இங்கே படைப்புப் பந்தியிலும் ஒரு பங்காளி வீட்டுப் பெரியவர் தன் சாமியார் படத்தை நீட்டினார். “வேண்டாம், எனக்கு விருப்பம் இல்லை” என்றேன். அந்த மூன்று வரியில் பாதி. “அமெரிக்கா போய் ரொம்ப மாறிட்டா” என்று பக்கத்தில் சொன்னார். ஆமாம், மாறித்தான் போனேன்.

உன் முகவரியை எழுது. இழை மாவும், நூல் உருவ ஒரு புது வேட்டியும் திரும்பும்போது எடுத்துவருகிறேன். நோன்பன்று ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு திரியை ஏற்று.